கரடிக்குத் தெரிந்த வாசனை

உ
அம்பத்தூர்,
10.2.2024

அன்புள்ள லாவண்யாவுக்கு,

அத்தை கஸ்தூரி எழுதுவது. எனக்கு உடம்பில் பெரிதாக ஒன்றுமில்லை. படி ஏறும்போது மட்டும் முட்டி தான் இருப்பதைச் சொல்கிறது. நீ அந்தப் பனியில் எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நீ கிளம்பிப் போய் இன்றோடு ஐம்பத்தெட்டு நாள். கணக்கு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். இதற்குள் இரண்டு முறை போன் செய்தாய். இரண்டு முறையும் நீ "ம்" என்றாய், நான் "ம்" என்றேன், பிறகு வைத்துவிட்டோம். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு அழுகைதான் வருகிறது, பேச்சு வருவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். எழுதும்போது அழுதாலும் பேனா நிற்காது.

என் பிள்ளை விக்ரம் படத்துக்குத் தினமும் விளக்கேற்றுகிறேன். பூக்கார சுலோசனா காலையில் வருகிறாள். முன்பெல்லாம் நீங்கள் இருவரும் லீவில் வந்தால் இரண்டு முழம் வாங்குவேன், சாமிக்கு ஒன்று, உனக்கு ஒன்று. போன மாதம் அவள், "இன்னா ஆயா, இனிமே ஒரு மொழம் போதுமா?" என்று கேட்டாள். போதும் என்றேன்.

கார்த்திகையில் அவனுக்கு வருஷ திதி வருகிறது. உன் ஆஸ்பத்திரியில் இப்போதே லீவு சொல்லி வைத்தால்தான் கிடைக்கும் என்று அவன் சொல்வான். வருவாயா?

அம்மன் உன்னோடு இருக்கட்டும்.

அத்தை


வடக்கு ஒண்டாரியோ,
3.3.2024

அன்புள்ள அத்தைக்கு,

நான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன். பனி இன்னும் ஜன்னல் உயரத்துக்கு நிற்கிறது. உங்கள் பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடாதீர்கள், அது தினசரி மாத்திரை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போன வாரம் டேல் என்று ஒருவர் போன் செய்தார். இங்கே வேட்டைக்கு வருபவர்களைக் காட்டுக்குக் கூட்டிப்போகும் வழிகாட்டி. விக்ரம் போன அக்டோபரிலேயே அவரிடம் கறுப்புக் கரடி வேட்டைக்குப் பதிவு செய்திருக்கிறார். வருகிற செப்டம்பரில் ஐந்து நாள். அவருக்கு நடந்தது டேலுக்குத் தெரியாது. சொன்னேன். "அவருடைய இடத்தை என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது.

ஊறுகாய்க் கதை உங்களுக்குத் தெரியாதே. நீங்கள் கொடுத்தனுப்பிய மாங்காய் ஊறுகாய் ஜாடியை வாசனைக்குப் பயந்து பின்வாசல் படியில் வைத்திருந்தோம். ஒரு கரடி வந்து மூடியைப் பிய்த்து அவ்வளவையும் தின்றுவிட்டது. மறுநாள் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கவும் வந்தது. விக்ரம் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். இதை வேலை செய்யும் இடத்தில் சொல்ல, அவர்கள் சிரிக்க, ரோஷத்தில் பதிவு செய்துவிட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லாவண்யா


உ
அம்பத்தூர்,
25.3.2024

அன்புள்ள லாவண்யா,

நான் நடமாட்டத்தோடு இருக்கிறேன். மாத்திரை இனிமேல் தினமும் போடுகிறேன், கோபப்படாதே. உனக்குச் சளி இல்லையே?

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் கரடி என்றுதான் இருந்தது.

ஊறுகாய் தின்றதற்கா ஒரு உயிரை எடுப்பது? நம் வீட்டில் கோழியைக்கூடக் கடையில் வெட்டி வாங்கி வருவதுதான். சமைப்பேனே தவிர வெட்டும்போது நின்று பார்த்ததில்லை. அவன் ஏதோ ரோஷத்தில் செய்தான். நீ ஏன் போக வேண்டும்? கரடி உன்னை அடித்துவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

வாய் சும்மா இருக்காமல் பெரிய நாத்தனார் ஜெகதாம்பாளிடம் சொல்லிவிட்டேன். "இன்னா கஸ்தூரி, புருசன் பூட்ட பொண்ணு துப்பாக்கி தூக்கிகினு காட்டுக்குப் போவுதா? கேக்க ஆளில்லியா?" என்றார்கள். நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

இங்கே மெட்ரோ வேலையில் பூந்தமல்லி ரோடு முழுக்கப் புழுதி. துணி காயப்போட்டால் மறுபடி துவைக்க வேண்டியிருக்கிறது. எதைச் செய்தாலும் இரண்டாவது தடவையாகச் செய்கிற மாதிரியே இருக்கிறது.

திதியைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. மறந்திருப்பாய்.

உன்னை நினைத்தபடி,
அத்தை


வடக்கு ஒண்டாரியோ,
28.4.2024

அன்புள்ள அத்தைக்கு,

சளி இல்லை. தூக்கம்தான் இல்லை. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும், கேட்டால் சொல்ல மாட்டீர்கள்.

ஏன் போகிறேன் என்று கேட்டீர்கள். எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் விக்ரம் கையெழுத்தில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது. வேட்டைக்குத் தயாராக என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்தது. துப்பாக்கி வகுப்பு, லைசென்ஸ், பூட்ஸ், ஆரஞ்சு சட்டை, சுடும் பயிற்சி. முதல் இரண்டுக்கு மட்டும் டிக் போட்டிருக்கிறார். அதைக் கிழிக்கவும் கை வரவில்லை. தினம் பால் எடுக்கும்போது பார்க்கவும் முடியவில்லை. முடித்துவிட்டால் எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். அவ்வளவுதான் அத்தை, வேறு வீரம் ஒன்றுமில்லை.

நானும் வகுப்புக்குப் போய்ப் பாஸ் செய்துவிட்டேன். லைசென்ஸ் விண்ணப்பத்தில், கடந்த இரண்டு வருடத்தில் கூட வாழ்ந்த துணையின் கையெழுத்துக்கு ஓர் இடம் இருந்தது. இறந்துவிட்டார் என்று எழுதினேன். அந்த ஒரு வார்த்தைக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

இங்கே இறைச்சியை வீணாக்க விடமாட்டார்கள். குட்டியோடு இருக்கும் தாய்க் கரடியைச் சுடக் கூடாது. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

போய்வருகிறேன்.

லாவண்யா


உ
அம்பத்தூர்,
20.5.2024

அன்புள்ள லாவண்யா,

கத்திரி வெயில். மோட்டார் இரண்டு நாளாக ஓடவில்லை, குடத்தில் தூக்கி ஊற்றுகிறேன். மற்றபடி குறையில்லை. நீ படுக்கப் போகுமுன் பால் குடி, தூக்கம் வரும்.

பட்டியலைப் பற்றிப் படித்த பிறகு போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் பள்ளிக்கூடத்து அகராதி இன்னும் அலமாரியில் இருக்கிறது. அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத்தானே நான் அதைப் பார்த்து இங்கிலீஷ் படித்தேன். அதை வைத்துக்கொண்டு போனில் கரடியைப் பற்றிப் படிக்கிறேன். நோட்டின் கடைசியில் கரடிக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். மரம் ஏறும். மனிதனைவிட வேகமாக ஓடும். பெர்ரிப் பழம், எறும்பு, மீன் எல்லாம் தின்னும். ஊறுகாய் என்று எவனும் எழுதவில்லை, நானே சேர்த்துக்கொண்டேன்.

எனக்குச் சில சந்தேகம். டேல் உன் பக்கத்திலேயே உட்காருவாரா? நீ இருப்பது அதற்கு எப்படித் தெரியும், கண்ணாலா, காதாலா? தெரிந்தால் உன்மேல் பாயுமா, ஓடுமா?

வெறும் வயிற்றோடு காட்டுக்குப் போகாதே. லீவு எல்லாம் செப்டம்பரிலேயே தீர்ந்துவிடுமோ?

அம்மன் காப்பாள்.

அத்தை


வடக்கு ஒண்டாரியோ,
20.6.2024

அன்புள்ள அத்தைக்கு,

பால் குடித்தேன். இரண்டு நாள் தூங்கினேன். மோட்டாரைச் சரிசெய்தீர்களா? இந்த வயதில் குடம் தூக்காதீர்கள்.

லைசென்ஸ் வந்துவிட்டது. சனிக்கிழமைகளில் டேல் சுடக் கற்றுக்கொடுக்கிறார். வலது தோள் கத்திரிக்காய் நிறத்தில் இருக்கிறது. அவர் மனைவி பார்த்துவிட்டு, "பிள்ளையைப் பாதியாக்கிட்டீங்களே" என்று அவரைத் திட்டினார்.

உங்கள் சந்தேகங்களுக்குப் பதில். மரத்தில் ஏணி வைத்து இருக்கை கட்டியிருக்கிறார்கள். நான் தனியாகத்தான் உட்கார வேண்டும், இருட்டும்போது டேல் வந்து இறக்குவார். ஐம்பது அடி தள்ளி ஒரு டிரம்மில் ஓட்ஸும் பழைய டோனட்டும் போட்டு வைப்பார்கள். கரடி அதைத் தின்ன வரும். அது பக்கவாட்டில் திரும்பி நின்று, முன்கால் முன்னால் போகும்போது மட்டும்தான் சுட வேண்டும். முகம் நம்மைப் பார்த்தால் சுடக் கூடாது, அடிபட்டுத் துன்பப்படும். நாம் இருப்பது அதற்கு மூக்கால்தான் தெரியும். நாய்க்கு இருப்பதைவிடப் பல மடங்கு மூக்காம். தெரிந்தால் ஓடிவிடும், திரும்பி வராது.

அதனால் ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே வாசனை எதுவும் கூடாது. டேல் பட்டியல் கொடுத்தார். தலைக்கு எண்ணெய் வேண்டாம். வாசனைச் சோப்பு வேண்டாம். பவுடர் வேண்டாம். மஞ்சள் வேண்டாம், சந்தனம் வேண்டாம், பூ வேண்டாம். கடைசி மூன்றும் அவருக்குத் தெரியாது, நான் கேட்டுச் சேர்த்துக்கொண்டேன். "ரொம்பக் கஷ்டமா இருக்கும், பழகணும்" என்றார். எனக்கு ஏற்கெனவே பழக்கிவிட்டார்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

உங்களுக்குப் புரியும்.

லாவண்யா


வடக்கு ஒண்டாரியோ,
29.7.2024

அத்தைக்கு,

ஏழு வாரமாக உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மூன்று முறை போன் செய்தேன், அடித்துக்கொண்டே இருந்தது. மாத்திரை தீர்ந்துவிட்டதா? விழுந்துவிட்டீர்களா?

நான் எழுதியது உங்களைச் சுட்டிருக்கும். யோசித்துத்தான் எழுதினேன். வருத்தம் உண்டு, ஆனால் எழுதவில்லை என்று ஆக்க முடியாது.

செப்டம்பர் 9 திங்கள்கிழமை காட்டுக்குப் போகிறேன். பட்டியலில் எல்லாவற்றுக்கும் டிக் போட்டாயிற்று, கரடி மட்டும் பாக்கி. உயிரோடு நலமாக இருக்கிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

லாவண்யா


உ
மாங்காடு காமாட்சி துணை
அம்பத்தூர்,
17.8.2024

அன்புள்ள லாவண்யா,

விழவில்லை, எழுந்துதான் இருக்கிறேன். உன் போனை எடுக்காதது வேண்டுமென்றேதான். அதற்கும் சேர்த்து இந்தக் கடிதம். தோள் வலி ஆறிவிட்டதா?

வாசனை பற்றி எழுதிய உன் கடிதம் வந்த வாரமே மாங்காட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். ஆறு வாரம், ஒரே கிழமை, எலுமிச்சம்பழத்தோடு போவேன் என்று. ஆறு வெள்ளிக்கிழமை போய்வந்தேன். ஆடிக் கூட்டம். பூந்தமல்லியில் பஸ் மாறுவதற்குள் முட்டி கழன்றுவிடும். ஆறாவது வாரம் நேற்று முடிந்தது. முடித்த பிறகுதான் உனக்கு எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன்.

விக்ரமின் பத்தாம் நாளைப் பற்றி எழுத வேண்டும். பெரிய நாத்தனார் சொன்னார்கள், நான் செய்தேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது சரியில்லை. அவர்கள் கூடத்தில் நின்று சொன்னார்கள். கை என்னுடையது. பூவை எடுத்ததும், வளையலை உடைத்ததும், சொம்புத் தண்ணீரால் உன் நெற்றியைக் கழுவியதும் என் கைதான். நீ அப்போது என் முகத்தைத்தான் பார்த்தாய். நான் சொம்பைப் பார்த்தேன்.

இதையே எனக்கு என் நாற்பத்திரண்டாம் வயதில் செய்தார்கள். பத்தொன்பது வருஷமாக நான் பூ வைத்ததில்லை. கடவுள் கேட்பது இது என்று சொன்னார்கள், நம்பினேன். ஆறு வாரமும் அவள் எதிரில் நின்றேன். அவள் தலை நிறையப் பூ, நெற்றி நிறையக் குங்குமம். இவளா இதைக் கேட்டாள் என்று இருந்தது.

தாழம்பூக் குங்குமம் பாதத்தில் வைத்துக் கொடுத்தார்கள். இதோடு பொட்டலம் வைத்திருக்கிறேன். வைத்துக்கொள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. உன்னிடம் இருக்கட்டும்.

முக்கியமான விஷயம்: வேட்டை முடிந்த பிறகுதான் இந்தக் கவரைப் பிரிக்க வேண்டும். வாசனை வரும்.

அத்தை


வடக்கு ஒண்டாரியோ,
22.9.2024

அன்புள்ள அத்தைக்கு,

எனக்கு எலும்பு ஒன்றும் முறியவில்லை. கொசுக்கடி மட்டும். உங்கள் முட்டிக்கு டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

கவரைப் பிரிக்காதே என்பதைக் கவருக்குள் எழுதினால் எப்படி அத்தை?

திங்கள் காலை டேல் வண்டி வாசலில் நிற்கும்போது தபால்காரர் அதைக் கொடுத்தார். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் உயிர் வந்தது. உடைமாற்றும் அவசரத்தில் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். மூன்று மணிக்கு மரத்தில் ஏறினேன். அசையக் கூடாது, இருமக் கூடாது. டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தேன். விக்ரம் இங்கே உட்கார்ந்திருந்தால் பத்து நிமிஷத்தில் எதையாவது கீழே போட்டிருப்பார் என்று நினைத்தேன். ஐந்தரைக்கு மேல் முடியவில்லை. தனியாக இருந்தது. கவரைச் சத்தமில்லாமல் பிரித்தேன்.

வழியில் பொட்டலம் கிழிந்திருக்கிறது. குங்குமம் மடியெல்லாம் கொட்டியது. அந்தக் காடு முழுக்க மாங்காட்டுச் சன்னிதி வாசனை. அப்படியே உட்கார்ந்து கடிதத்தைப் படித்தேன். கடைசி வரியும் படித்தேன். சிரிப்பு வந்தது, கூடவே மற்றதும் வந்தது.

நிமிர்ந்தால் கரடி நின்றுகொண்டிருக்கிறது.

எப்போது வந்ததோ. அவ்வளவு பெரிதாக, ஒரு சத்தமில்லாமல். டிரம்மிடம் போகவில்லை. மூக்கை மேலே தூக்கியது. பின்னங்காலில் எழுந்து நின்று நேராக என்னைப் பார்த்தது. துப்பாக்கி என் கையில்தான். பக்கவாட்டில் திரும்பு, திரும்பு என்று மனசுக்குள் சொன்னேன். திரும்பவில்லை. இது என்ன பொருள் என்று யோசிப்பதுபோல் இன்னும் ஒருமுறை முகர்ந்தது. பிறகு நாலு காலில் இறங்கிப் போய்விட்டது. ஊறுகாய்க் கரடியாக இருந்தால் நம் வீட்டு வாசனை என்று அதற்குத் தெரிந்திருக்கும்.

மடியில் கிடந்த குங்குமத்தை மோதிர விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டேன். கண்ணாடி இல்லை, கோணலாகத்தான் இருந்திருக்கும்.

டேல் வந்து ஏணியடியில் நின்றபடியே, "பதினெட்டு வருஷமா ஆளுங்களைக் கூட்டிட்டு வரேன். சிகரெட் பார்த்திருக்கேன், சென்ட் பார்த்திருக்கேன். இது என்னம்மா?" என்றார். மாமியார் அனுப்பியது என்றேன். "இன்னும் நாலு நாள் இருக்கு. உடுப்பை மாத்திக்கலாம். நெத்தியை நல்லாக் கழுவிட்டு வா, அது கிடைக்கும்" என்றார்.

ஒரு தடவை கழுவியது போதும் என்றேன்.

நாலு நாளும் அப்படியே போய் உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. பட்டியலைக் கழற்றி விக்ரம் அகராதிக்குள் வைக்க எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு டிக் குறைவுதான்.

லாவண்யா


உ
அம்பத்தூர்,
10.10.2024

அன்புள்ள லாவண்யா,

இந்த மாதம் என் உடம்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, உன் கடிதம் வந்ததிலிருந்து முட்டியை மறந்துவிட்டேன்.

உன் கரடியைக் கெடுத்துவிட்டேன். கவர் மேலேயே எழுதியிருக்க வேண்டும். இத்தனை வருஷம் எல்லாவற்றையும் குறித்து வைக்கிறவள், இதைத் தவறவிட்டேன். ஆனால் மனதார வருத்தப்படுகிறேன் என்று எழுதினால் அம்மன் சிரிப்பாள்.

ஜெகதாம்பாள் அக்கா வந்திருந்தார்கள். "திதிக்கு அந்தப் பொண்ணு வருதா? வந்தா காரியத்துல முன்னால நிக்கவுடாத, நெத்தியில எதுனா இட்டுகினு வந்துடப் போவுது" என்றார்கள். இந்த முறை பால் பொங்கவில்லை. "இட்டுகினு வந்தா அது என் கையால குடுத்ததுக்கா. புடிக்கலைன்னா நீங்க வூட்லயே இருந்துக்குங்க" என்றேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். நான் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.

திதிக்கு யாரையும் அழைக்கவில்லை. ஐயரும் நானும்தான். வருவாயா என்று எட்டு மாதமாகக் கேட்கிறேன். இது கடைசி. வராவிட்டாலும் நீ எனக்கு இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சுலோசனாவிடம் கார்த்திகை முதல் இரண்டு முழம் என்று சொன்னேன். "யாருக்கு ஆயா ரெண்டாவது மொழம்?" என்றாள். என் மருமகளுக்கு என்றேன். அவள், "மல்லியா, முல்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

அத்தை


வடக்கு ஒண்டாரியோ,
25.10.2024

அன்புள்ள அத்தைக்கு,

நலமாக இருக்கிறேன். இந்த முறை பேச்சுக்குச் சொல்லவில்லை.

லீவை பிப்ரவரியிலேயே சொல்லி வைத்துவிட்டேன், உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே. உங்களிடம் சொல்லத்தான் எட்டு மாதம் ஆயிற்று. திதிக்கு நாலு நாள் முன்னால் வருகிறேன். ஏர்போர்ட்டுக்கு வர வேண்டாம், வண்டி பிடித்து வந்துவிடுவேன். அகராதியை எடுத்து வையுங்கள்.

டேல் வீட்டிலிருந்து உங்களுக்கு ஒரு ஜாடி பெர்ரி ஜாம். பதிலுக்கு அவருக்கு மாங்காய் ஊறுகாய் வேண்டுமாம். பின்வாசலில் வைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார்.

சுலோசனாவிடம் முல்லை என்று சொல்லுங்கள். சாமிக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்றால் கணக்கு உதைக்கிறது அத்தை, வீட்டில் நாம் இரண்டு பேர். மூன்று முழமாகச் சொல்லி வையுங்கள்.

லாவண்யா